மரபணுச் சோதனை: ரத்தம் எடுப்பதற்கு முன் வீட்டில் பேச வேண்டியவை

கோலாலம்பூர் – கிள்ளான் பள்ளத்தாக்கில் மார்பகப் புற்றுநோய்க்கோ சினைப்பைப் புற்றுநோய்க்கோ சிகிச்சை பெறுகிறவர்களில் பலரிடம் மருத்துவர்கள் இப்போது கூடுதலாக ஒரு கேள்வியும் கேட்கிறார்கள். "மரபணுச் சோதனை செய்து பார்க்கலாமா?" என்பதுதான் அது.

ரத்தம் கொடுப்பது சில நிமிட வேலை. ஆனால் அதன் முடிவு ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைத் தொடக்கூடியது. நோயாளிக்கு எந்த மருந்து பொருந்தும், தங்கைக்கும் ஆபத்து உண்டா, மகளின் கல்யாணப் பேச்சில் இது வருமா, காப்புறுதி எடுக்க முடியுமா என்று கேள்விகள் வரிசையாக எழும்.

நம் வீடுகளில் பல நேரங்களில் மருத்துவரின் கேள்விக்கு நோயாளி பதில் சொல்வதில்லை. மலாயோ ஆங்கிலமோ சரளமாகப் பேசும் மகனோ மருமகனோ சொல்லிவிடுகிறார். "செய்யுங்கள் டாக்டர்" என்பார் ஒருவர். "வேண்டாம், அம்மா பயந்துவிடுவார்" என்பார் இன்னொருவர். இரண்டுமே அன்பினால் வரும் பதில்கள்தாம். ஆனாலும் அம்மாவின் உடம்பைப் பற்றிய முடிவில் அம்மாவின் விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பதிலை நோயாளியே, விவரம் அறிந்து சொல்வதற்கு உதவும் தகவல்களை இங்கே தருகிறோம்.

சோதனை இரண்டு வகை

மரபணுச் சோதனை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சோதனைகள் நடக்கின்றன. இதில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது.

முதல் வகை, கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைச் சோதிப்பது. புற்றுநோய் அணுக்களில் என்ன மாற்றம் ஏற்பட்டுள்ளது என்று அது காட்டும். எடுத்துக்காட்டாக, நுரையீரல் புற்றுநோயில் 'இஜிஎஃப்ஆர்' என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் கீமோவுக்குப் பதிலாக மாத்திரையாலேயே சிகிச்சையைத் தொடங்க முடியும். இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை அந்தக் கட்டியோடு நிற்பவை. பிள்ளைகளுக்குப் போகாதவை.

இரண்டாவது வகை, ரத்தத்தையோ எச்சிலையோ எடுத்துச் சோதிப்பது. பிறக்கும்போதே தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்த மரபணுக் குறையை இது கண்டுபிடிக்கும். 1994-இல் அடையாளம் காணப்பட்ட பிஆர்சிஏ1, 1995-இல் அடையாளம் காணப்பட்ட பிஆர்சிஏ2 ஆகிய இரண்டும் இதில் அதிகம் பேசப்படுபவை. இந்த இரண்டு மரபணுக்களும் ஆண், பெண் எல்லோருக்கும் உண்டு. அணுக்களில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்வது அவற்றின் வேலை. அவற்றில் ஒன்று பழுதாக இருந்தால் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

எவ்வளவு கூடுகிறது? 2017-இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வின்படி, பிஆர்சிஏ1 பழுதுள்ள 100 பெண்களில் சுமார் 72 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோயும், சுமார் 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வரக்கூடும். பிஆர்சிஏ2 என்றால் முறையே 69, 17. இந்தக் கணக்கு பெரும்பாலும் மேற்கத்தியக் குடும்பங்களை வைத்துப் போடப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதேநேரம் வீண் பயமும் வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கே பரம்பரை மரபணுக் குறை காரணமாக இருக்கிறது. மற்றவர்களுக்கு வயது, ஹார்மோன், வாழ்க்கைமுறை எனப் பல காரணங்கள் சேர்ந்து நோய் வருகிறது.

அப்பா வழியிலும் வரும்

"இது பெண்கள் சமாச்சாரம், அம்மா வழியில்தான் வரும்" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. பிஆர்சிஏ பழுது தந்தையிடமிருந்தும் வரும். பழுதுள்ளவர் ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போவதற்கான வாய்ப்பு சரிபாதி. ஆகவே அத்தைக்கு வந்த நோயையும், அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு வந்த நோயையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பழுதுள்ள ஆண்களுக்கு, குறிப்பாக பிஆர்சிஏ2 இருப்பவர்களுக்கு, புரோஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். அரிதாக மார்பகப் புற்றுநோயும் வரலாம்.

"சொந்தத்தில் கட்டியதால்தான் வந்தது" என்று மருமகளையோ சம்பந்தி வீட்டையோ குறை சொல்வதிலும் பொருளில்லை. பெற்றோர் இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பழுதான பிரதி வந்தாலே போதும், ஆபத்து கூடிவிடும். அதை யாரும் தேடிப் போய் வாங்கி வரவில்லை.

தோட்டத்துக் குடும்பங்களின் சிக்கல்

சோதனை தேவையா என்று முடிவுசெய்ய மருத்துவர் முதலில் கேட்பது குடும்ப வரலாற்றைத்தான். யாருக்கு எந்தப் புற்றுநோய் வந்தது, எத்தனை வயதில் வந்தது என்று கேட்பார். தோட்டப்புறப் பின்னணி கொண்ட குடும்பங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன.

தோட்டத்து ஆஸ்பத்திரியை நம்பியிருந்த காலத்தில் பாட்டி எந்த நோயால் இறந்தார் என்று கேட்டால், "வயிற்றில் கட்டி", "வயிறு வீங்கிப் போச்சு", "மெலிந்து மெலிந்து போய்ட்டாங்க" என்ற பதில்தான் கிடைக்கும். அது சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம், கல்லீரல் நோயாகவும் இருந்திருக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் கிள்ளான், பந்திங், காப்பார், ஷா ஆலாம் என்று சிதறிய பிறகு பெரியம்மா பிள்ளைகளுக்கு என்ன நோய் என்பதே பல வீடுகளில் தெரியாது. போதாக்குறைக்குப் புற்றுநோய் என்ற சொல்லையே வாயால் சொல்லாமல் "அந்த நோய்" என்று முடித்துவிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது.

உறவினர் கூடும் கல்யாண வீடு, கருமாதி வீடு, தீபாவளி விருந்து எதுவானாலும் சரி, வயதில் மூத்த ஒருவரிடம் கேட்டு இதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்தவர், எந்த வயதிலாவது சினைப்பைப் புற்றுநோய் வந்தவர், இரண்டு மார்பகத்திலும் நோய் வந்தவர், மார்பகப் புற்றுநோய் வந்த ஆண் என இவர்களில் ஒருவர் குடும்பத்தில் இருந்தாலும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்குமே நோய் இல்லை என்றாலும் பழுது இருக்க வாய்ப்புண்டு. சினைப்பைப் புற்றுநோய் வந்தவரிடம் குடும்ப வரலாறு எப்படி இருந்தாலும் சோதனை பற்றிப் பேச வேண்டும் என்பது இன்று பன்னாட்டு மருத்துவ வழிகாட்டிகளின் பரிந்துரை.

நம் நாட்டு ஆய்வில் நம் பங்கு

இந்தத் துறையில் மலேசியா பின்தங்கி இல்லை. சுபாங் ஜெயாவில் இயங்கும் 'கேன்சர் ரிசர்ச் மலேசியா' என்ற அறநிறுவனமும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் 2002 முதல் மலேசிய மார்பகப் புற்றுநோய் மரபணு ஆய்வை நடத்தி வருகின்றன. 'மைபிஆர்சிஏ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஆய்வில் சுபாங் ஜெயா மருத்துவ மையமும் பின்னர் இணைந்தது. விஞ்ஞானி பேராசிரியர் தியோ சூ ஹுவாங், அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் பேராசிரியர் இப் செங் ஹார், பேராசிரியர் நூர் ஆயிஷா முகமட் தாயிப் ஆகியோர் இதில் முன்னணியில் இருந்தவர்கள். மலாய், சீன, இந்தியப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரத்தம் கொடுத்து இதில் பங்கேற்றுள்ளனர்.

இதன் பலன் என்ன? யாருக்குச் சோதனை தேவை என்று கணிக்க மேலைநாடுகளில் உருவான கணிப்பு முறைகள் ஆசியப் பெண்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அதனால் மலேசிய, சிங்கப்பூர்த் தரவுகளைக் கொண்டு 'அரிக்கா' என்ற ஆசியக் கணிப்பான் உருவாக்கப்பட்டு, 2022-இல் அது பற்றிய ஆய்வு வெளிவந்தது. சினைப்பைப் புற்றுநோய் நோயாளிகளுக்காக நடந்த 'மேஜிக்' ஆய்வு நாடு முழுவதும் 20-க்கும் அதிகமான மருத்துவமனைகளை உள்ளடக்கியது. நம் நாட்டில் மரபணு ஆலோசகர்கள் மிகக் குறைவு. ஆகவே சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கே பயிற்சி கொடுத்துச் சோதனைக்கு முந்திய ஆலோசனையை நடத்தலாமா என்று அந்த ஆய்வு பார்த்தது.

இந்தியர்களின் தரவு குறைவாக இருந்தால் அதன் விளைவு நேரடியாக நமக்குத்தான். அதைப் புரிந்துகொள்ளச் சோதனை முடிவு எப்படி வரும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முடிவு மூன்று விதமாக வரும்

ஒன்று, ஆபத்தான பழுது இருக்கிறது என்பது. இரண்டு, சோதித்த மரபணுக்களில் பழுது எதுவும் தெரியவில்லை என்பது. இந்த இரண்டாவது முடிவை "இனி எனக்கும் என் பிள்ளைகளுக்கும் புற்றுநோயே வராது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வழக்கமான பரிசோதனைகள் தொடர வேண்டும்.

மூன்றாவது, ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது ஆபத்தானதா இல்லையா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்பது. மருத்துவ உலகில் இதை 'வியூஎஸ்' என்கிறார்கள். உலகத் தரவுத் தொகுப்புகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம் என்பதால், நம்மைப் போன்றவர்களுக்கு இந்த மாதிரி உறுதியில்லாத முடிவு கூடுதலாக வருகிறது. நம்மவர்கள் ஆய்வுகளில் பங்கேற்றால்தான் இந்தக் குறை தீரும். ஒரு விஷயத்தை மனத்தில் வையுங்கள்: 'வியூஎஸ்' முடிவை மட்டும் நம்பி மார்பகத்தையோ சினைப்பையையோ அகற்றும் முடிவுக்கு யாரும் போகக் கூடாது. சில ஆண்டுகளில் அதற்குத் தெளிவான விளக்கம் கிடைக்கலாம். ஆகவே மருத்துவமனையோடு தொடர்பில் இருப்பது நல்லது.

தெரிந்தால் என்ன செய்யலாம்?

நோயாளிக்கு முதல் பயன் சிகிச்சையில். பிஆர்சிஏ பழுது உள்ளவர்களுக்கு 'ஓலாபாரிப்' போன்ற மாத்திரைகள் உதவக்கூடும். மார்பகம், சினைப்பை, புரோஸ்டேட், கணையம் ஆகிய புற்றுநோய்களில் சில கட்டங்களில் இவை பயன்படுகின்றன. அறுவைச் சிகிச்சை எந்த அளவுக்குத் தேவை என்பதும் முடிவைப் பொறுத்து மாறலாம்.

நோய் வராத உறவினருக்குப் பயன் தடுப்பில். பழுது உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுக்கொரு முறை எம்ஆர்ஐ, 30 வயதிலிருந்து மேமோகிராம் என்று பன்னாட்டு வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. பிள்ளைப்பேறு முடிந்த பிறகு, 35 முதல் 45 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றினால் சினைப்பைப் புற்றுநோய் ஆபத்து சுமார் 80 விழுக்காடு குறைகிறது. மார்பகங்களை முன்கூட்டியே அகற்றினால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து 90 விழுக்காடு அளவுக்குக் குறைகிறது. ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-இல் இதைத்தான் செய்துகொண்டு உலகறியச் சொன்னார்.

ஆனால் ஜோலி எடுத்த முடிவை எல்லோரும் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு பிள்ளைகள் பெற்ற 42 வயதுப் பெண்ணின் விருப்பமும், கல்யாணம் ஆகாத 24 வயதுப் பெண்ணின் விருப்பமும் ஒன்றாக இருக்காது. ஒருவர், "எது வந்தாலும் தெரிந்துவிட்டால் நிம்மதி" என்பார். இன்னொருவர், "தெரிந்தால் தினமும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்" என்பார். ஆண்டவன் விட்ட வழி என்று நம்புகிறவரும் மேமோகிராம் எடுக்கத் தயங்குவதில்லை. நல்ல ஆலோசகர் இவற்றில் எதையும் தவறு என்று சொல்ல மாட்டார். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஒருவரின் உரிமை. விவரம் தெரிந்து "வேண்டாம்" என்று சொல்வதற்கும், யாரும் எடுத்துச் சொல்லாததால் வாய்ப்பை இழப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

யாரிடம் சொல்வது?

மிகக் கடினமான இடம் இதுதான். தாய்க்குப் பழுது இருப்பதாகத் தெரிகிறது. தங்கைக்குச் சொன்னால் அவள் சோதித்துக்கொண்டு உயிர் தப்பலாம். சொன்னால் அவள் மகளின் வரன் தட்டிப்போகுமோ என்ற பயம் இருக்கிறது. "கட்டிக்கொடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பெரியவர்கள் தள்ளிப்போடுகிறார்கள்.

இந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய முடியாது. ஊர் வாய் எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியும். ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பெண்ணுக்கு நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வாய்ப்பு குறைகிறது. ஊருக்குச் சொல்வதும் உடன்பிறப்புக்குச் சொல்வதும் வேறு வேறு. குடும்பப் புலனக் குழுவில் அறிக்கையைப் போட வேண்டிய அவசியமில்லை. தங்கையைத் தனியாகச் சந்தித்தோ தொலைபேசியில் அழைத்தோ சொல்லலாம். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால், உறவினரிடம் கொடுப்பதற்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி மருத்துவரையோ ஆலோசகரையோ கேட்கலாம். அதற்குமேல் சோதித்துக்கொள்வதும் விடுவதும் அவர் விருப்பம்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை 18 வயதுக்கு முன் பிஆர்சிஏ சோதனை பொதுவாகச் செய்யப்படுவதில்லை. வளர்ந்த பிறகு அவர்களே முடிவு செய்யட்டும் என்பதே காரணம்.

காசும் காப்புறுதியும்

ஜோலி தம் கட்டுரை எழுதியபோது அமெரிக்காவில் இந்தச் சோதனைக்கு 3,000 டாலருக்கு மேல் செலவானது. ஒரே நிறுவனம் இந்த மரபணுக்களுக்குக் காப்புரிமை வைத்திருந்தது. இயற்கையாக உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 ஜூனில் தீர்ப்பளித்த பிறகு போட்டி வந்து விலை இறங்கியது. என்றாலும் தனியார் மருத்துவமனைகளில் இது இன்னமும் பெரிய தொகைதான். கடன் வாங்குவதற்கு முன், அரசு மருத்துவமனை வழியாகவோ ஆய்வுத் திட்டம் வழியாகவோ செய்ய முடியுமா என்று கேளுங்கள். குடும்பத்தில் ஒருவரின் பழுது இன்னதென்று தெரிந்துவிட்டால், உறவினருக்கு அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அதற்குச் செலவு குறைவு. அதனால்தான் முதலில் நோய் வந்தவரைச் சோதிப்பது நல்லது என்கிறார்கள்.

காப்புறுதி விஷயத்தில் கவனம் தேவை. மரபணு முடிவைக் காரணம் காட்டிச் சுகாதாரக் காப்புறுதியை மறுப்பதை அமெரிக்கா 2008-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. சிங்கப்பூர் 2021 முதல் காப்புறுதி நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது. மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின்படி காப்புறுதி எடுக்கும்போது கேட்கப்படும் கேள்விக்கு நாம் உண்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். மறைத்தால் பின்னர் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். ஆகவே நோய் இல்லாத உறவினர்கள் சோதனைக்குப் போகும் முன்பே தங்கள் காப்புறுதி நிலையைச் சரிபார்த்துக்கொள்வது விவேகம்.

எங்கே போய்க் கேட்பது?

கோலாலம்பூர் மருத்துவமனையில் மரபியல் பிரிவு இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மரபணு ஆலோசனை உண்டு. பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறி யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கினால் மருத்துவ மையத்துக்குப் பக்கம். கிள்ளானிலிருந்து வருகிறவர்கள் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வரை வந்து மாறலாம். நேராகப் போய் நிற்பதைவிட, சிகிச்சை தரும் மருத்துவரிடமோ அரசாங்கக் கிளினிக்கிலோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது.

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 2014-இல் நோயாளி வழிகாட்டித் திட்டம் தொடங்கப்பட்டது. மார்பகப் புற்றுநோயாளிகள் சிகிச்சையை நடுவில் விட்டுவிடாமல் இருக்க உடனிருந்து உதவுவது அதன் நோக்கம். மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இப்படிப்பட்டவர்களிடம் மனம் விட்டுப் பேசலாம். பி40 குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகள் 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில் சிகிச்சையை முடிப்பதற்கான ஊக்கத்தொகையும் போக்குவரத்து உதவியும் பெற முடியுமா என்று மருத்துவமனையிலேயே கேட்கலாம்.

கையெழுத்திடும் முன் கேளுங்கள்

மருத்துவமனைக்குப் போகும்போது இந்தக் கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்:

1. இது கட்டியைச் சோதிப்பதா, பரம்பரைப் பழுதைத் தேடுவதா? கட்டிச் சோதனையில் பரம்பரைச் சங்கதி தெரியவந்தால் எனக்குச் சொல்வீர்களா?

2. முடிவு எதுவாக இருந்தாலும் என் சிகிச்சை மாறுமா?

3. 'வியூஎஸ்' என்று வந்தால் அடுத்து என்ன?

4. செலவு எவ்வளவு, யார் கட்டுவது, முடிவு வர எத்தனை வாரம்?

5. என் ரத்தமும் தகவலும் ஆய்வுக்குப் பயன்படுமா? நான் மறுக்கலாமா?

6. முடிவை என்னிடம் மட்டும் சொல்வீர்களா, என் கணவர், பிள்ளைகளிடமும் சொல்வீர்களா?

7. தமிழில் விளக்கிச் சொல்ல யாராவது இருக்கிறார்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். மொழிபெயர்க்கும் பிள்ளைகள் கெட்ட செய்தியைப் பாதி விழுங்கிவிடுவது இயல்பு. குடும்பத்துக்கு வெளியே ஒருவர், ஒரு தமிழ்த் தாதியாவது, சொன்னால் முழு விவரமும் காதில் விழும்.

அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வார்த்தை. காரில் ஏறுவதற்கு முந்திய இரவே, "உங்களுக்கு இது தெரிய வேண்டுமா அம்மா? தெரிந்தால் யாரிடம் சொல்லலாம்?" என்று அவரையே கேட்டுவிடுங்கள். மறுநாள் மருத்துவர் கேட்கும்போது அவர் சொல்லும் பதிலை அப்படியே மொழிபெயர்த்தால் போதும்.